மூச்சு விடாத சாட்சிகள்

“காத்தா? காத்து பட்டா அதுங்க கதை முடிஞ்சுது மேடம். தண்ணியில மூழ்கினா நமக்கு எப்படியோ, அதுங்களுக்குக் காத்து அப்படி. செத்துடும்.”

கல்லூரியில் கிருமியியல் நடத்தும் கிருமி டாக்டர் வெகு சாதாரணமாகத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற ரேடியோதான் சட்டென்று ஓரடி பின்வாங்கினான்.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. காலையில் திறந்த வாயைப் படுக்கும்வரை மூடத் தெரியாதவன் என்பதால் ஊர் சூட்டிய பெயர். தொழில், துப்பறியும் ஆபீஸில் உதவியாளன். அந்த ஆபீஸில் இருப்பதே இவனும் முதலாளியம்மாவும்தான். சட்டக் கல்லூரியில் பாதியில் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவர் என்பதால் அவருக்கும் ஊர் ஒரு பெயர் வைத்திருந்தது, பாதி வக்கீல். மீதிப் பாதி மூளை என்று அவரே சொல்லிக்கொள்வார். அந்த மூளை இப்போது பரிசோதனைக் கூடத்தின் மேஜை மேல் இருந்த கண்ணாடி பாட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தது. உள்ளே கறுப்புச் சேறு.

“முதல்ல இருந்து, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க டாக்டர். நான் பாதி படிச்சவ.”

“பின்தெருக் கிணறுகள்ல எண்ணெய் வாடை. அது பெட்ரோல் பங்க்கோட டீசல் தொட்டியில இருந்து கசியுதா, இல்ல எதிர்ல ஸ்கூட்டர் மெக்கானிக் கொட்டற கழிவு எண்ணெயா? அதானே கேள்வி? தண்ணியைப் பார்த்துச் சொல்ல முடியல மேடம். மண்ணுக்கடியில கிருமிங்க தின்னு தின்னு, எது எந்த எண்ணெய்னு அடையாளமே இல்லாம போச்சு. அதான், தின்னவங்களையே கூப்பிட்டு விசாரிச்சேன்.”

“தின்னவங்களையா?”

“காத்தே போகாத ஆழத்துச் சேத்துல வாழற ஜீவன்கள். மூச்சுக்குக் காத்து வேண்டாம், சாப்பாட்டுக்கு எண்ணெய் போதும். ஆனா நாக்கு ரொம்ப நீளம். வருஷக்கணக்கா டீசல் தின்னு பழகினது, டீசல் ஊத்தினதும் பாயும். கழிவு எண்ணெய் தின்னு பழகினது, டீசலைச் சீண்டாது. நீங்க பங்க் ஓரமா தோண்டி எடுத்துக் கொடுத்த சேத்துல டீசல் ஊத்தி மூடி வெச்சேன். வாரக்கணக்காச்சு. தொட்டுக்கூடப் பார்க்கல.”

“அதனால பங்க்காரர் தப்பிச்சாரு. மெக்கானிக் மாட்டினாரு.”

“சாயங்காலம் சுகாதார அதிகாரி வந்து பட்டறைக்குச் சீல் வைக்கறாராம்.”

அந்த மெக்கானிக்தான் பாதி வக்கீலின் கட்சிக்காரர். ரேடியோவுக்கு மாமா, அதாவது அக்கா புருஷன். ரேடியோ சாப்பிடுவதும் தூங்குவதும் அந்தப் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் அக்கா வீட்டில்தான்.

“செத்தவன் முன்னாடி விருந்து வெச்சாலும் தொட மாட்டான்,” என்றார் பாதி வக்கீல். “இந்தக் கிருமி டீசலைத் தொடாததுக்கு நாக்கு காரணம் இல்ல. உயிரே இல்லாததுதான் காரணம். யாரோ மூடியைத் திறந்து காத்தை விட்டிருக்காங்க.”

“இல்ல மேடம், இன்னொரு பாட்டில்ல நான்...” என்று ஆரம்பித்தார் டாக்டர். மணி அடித்தது. “ஐயோ, கிளாஸ்! பசங்க கலைஞ்சுடுவாங்க. வந்து சொல்றேன்.” வெள்ளைக் கோட்டைப் பாதி மாட்டியபடியே ஓடிவிட்டார்.

“யாரோ திறந்திருக்காங்க,” என்று மறுபடியும் சொன்னார் பாதி வக்கீல். “யாருடா இருக்கும்?”

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ரேடியோவின் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, மேளமே கொட்டியது. ஏனென்றால் அந்த யாரோ அவனேதான்.

நடந்தது இதுதான். சேறு எடுத்த அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பரிசோதனைக் கூடம் பூட்டு. காற்றுக் குமிழிகூட இல்லாமல் தளும்ப நிரப்பிய பாட்டிலை ரேடியோ வீட்டுக்குக் கொண்டு போக வேண்டியதாயிற்று. டாக்டர் போனில் விலாவாரியாகக் காற்றைப் பற்றி எச்சரித்தபோது நம்ம ஆள் தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்தவனிடம் பாதி வக்கீல் சொன்னது ஒரே வரி. “உள்ளே கோடிக்கணக்குல உசுரு இருக்கு, பத்திரம்.”

கூண்டுக்கிளியைக் கண்டாலே கண் கலங்குகிறவன் அவன். கோடி உசுரு, இத்தனூண்டு பாட்டில், இறுக்கி மூடிய மூடி! படுபாவிகள், மூச்சு முட்டாதா? வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகச் சமையலறையில் மூடியைத் திறந்தான். மேலே இருக்கிறவனுக்குக் காற்று கிடைத்துவிட்டது, அடியில் இருக்கிறவன் என்ன பாவம் செய்தான்? ஒரு டம்ளரை எடுத்தான். பாட்டிலிலிருந்து டம்ளருக்கு, டம்ளரிலிருந்து பாட்டிலுக்கு, டீ ஆற்றுவது மாதிரி கை உயர உயர ஆற்றினான். கால்வாசிச் சேறு மேடையிலும் சட்டையிலும் போயிற்று. அழுகின முட்டை நாற்றம் குடலைப் புரட்டியது. மிச்சத்தை ஜன்னலோரம் திறந்து வைத்து, “காத்தாடத் தூங்குங்கடா செல்லங்களா,” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டான். காலையில் பார்த்தால் பாட்டில் மூடியிருந்தது. பையில் போட்டான், கொண்டுவந்து கொடுத்தான், மறந்தும் போனான்.

செல்லங்களா! அத்தனை பேரையும் கொன்றுவிட்டல்லவா தாலாட்டுப் பாடியிருக்கிறான். அதோடு மாமாவின் பட்டறையையும் சேர்த்து. சொல்லித் தொலைடா என்றது மனசு. ஊர்க்கதை எல்லாம் பேசுகிற வாய், அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது.

“பாட்டிலை நீ யார் கையில கொடுத்தே?” என்றார் பாதி வக்கீல்.

“அட்டெண்டர் கையில.”

“வா, அந்த ஆளைப் பிடிப்போம்.”

* * *

அட்டெண்டர் வண்டி நிறுத்துமிடத்தில் புது ஸ்கூட்டரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர், மீசை மட்டும் கொஞ்சம் வசதியானது. பாதி வக்கீலின் பார்வை வண்டிச் சாவியில் போய் நின்றது. சாவி வளையத்தில் அந்தப் பெட்ரோல் பங்க்கின் படம்.

“புது வண்டி. பங்க்காரர் கொடுத்த வளையம். வளையம் மட்டும்தான் கொடுத்தாரா?”

“பெட்ரோல் போட்டா எல்லாருக்கும் கொடுக்கறாங்க மேடம். ஊர்ல பாதிப் பேர்கிட்ட இருக்கு.”

ரேடியோ தன் சட்டைப்பையை மெதுவாகப் பொத்திக்கொண்டான். அவனுடைய வளையமும் அதேதான்.

“சேத்து பாட்டிலை நீங்கதான் வாங்கினீங்க. அதுல காத்து புகுந்திருக்கு. ஒரு மனுஷனோட பட்டறை இன்னிக்கு சாயங்காலம் போகப் போகுது. பங்க்காரர் என்ன கொடுத்தாரு?”

“என்ன மேடம் பேசறீங்க! இத்தனை வருஷ வேலையில ஒரு கண்ணாடிக் குழாய்கூட உடைச்சதில்ல நான். நான் வாங்கினப்போ பாட்டில் தளும்பத் தளும்ப இருந்துச்சு, ஒரு குமிழிகூட இல்ல. அப்படியே டாக்டர் கையில கொடுத்தேன். மூடியில விரல் வெச்சிருந்தா என் விரல் அழுகட்டும்.”

“சாபம் எல்லாம் சாட்சி ஆகாது. டாக்டர் கிளாஸ் முடிச்சு வரட்டும். உங்க வேலை நிக்கணுமா வேண்டாமான்னு அவரே சொல்லட்டும்.”

அட்டெண்டர் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க ரேடியோவால் முடியவில்லை. தன் வீட்டில் எரிந்த தீக்கு அடுத்தவன் கையைச் சுடுவது அவனுக்கே தாங்கவில்லை.

“அவரை விடுங்க மேடம். நான்தான்.”

“என்ன நீதான்?”

“நான்தான் திறந்தேன். மூச்சு முட்டுமேன்னு... ஆத்தினேன்.”

“ஆத்தினியா?”

“டீ ஆத்துற மாதிரி.”

அட்டெண்டர் பயத்தையும் மறந்து பக்கென்று சிரித்துவிட்டார். பாதி வக்கீல் சிரிக்கவில்லை.

“தெரியாம பண்ணிட்டேன் மேடம்.”

“தெரியாம பண்ணினது, சேத்தை ஆத்தினது. இப்போ இவரை நிக்க வெச்சு நான் நார் நாராக் கிழிச்சேனே, அப்போ வாயை மூடிக்கிட்டு நின்னியே, அது தெரிஞ்சு பண்ணினது.”

ரேடியோவுக்குக் காது சுட்டது. அட்டெண்டர் பக்கம் திரும்பிக் கை கூப்பினான். “அண்ணே, மன்னிச்சுடுங்க.” அவர், “சரி, விடுப்பா,” என்றார். திட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் இதமாக இருந்திருக்கும்.

பாதி வக்கீல் கொஞ்ச தூரம் நடந்து போய் அப்படியே நின்றார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

“ஆத்தினப்போ எவ்வளவு சிந்துச்சு?”

“கால் பாட்டில் இருக்கும்.”

“இவரு தளும்ப இருந்துச்சுங்கறாரு.”

ரேடியோ விழித்தான். அட்டெண்டர், “சத்தியமா தளும்ப இருந்துச்சு,” என்றார்.

“கால்வாசி காலியான பாட்டில், ராத்திரி முடிஞ்சு காலையில எப்படிடா ரொம்பும்? சேறு என்ன குட்டியா போடும்?”

அப்போது வகுப்பு முடிந்து வந்தார் டாக்டர். விஷயத்தைக் கேட்டதும் சுண்ணாம்புக் கட்டித் தூள் படிந்த கையால் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஆத்தினா அதுங்க செத்திருக்கணும், நிஜம்தான். ஆனா என்கிட்ட வந்தது சாகலையே! அதைச் சொல்ல வந்தப்போதான் மணி அடிச்சுது. அதே சேத்துல கொஞ்சம் எடுத்து இன்னொரு பாட்டில்ல கழிவு எண்ணெய் ஊத்தி வெச்சேன். பந்தியில உக்காந்த மாதிரி வெளுத்துக் கட்டுது. டீசல்னாத்தான் மூஞ்சியைத் திருப்புது.”

“அப்போ இவன் கொன்ன சேறு வேற,” என்றார் பாதி வக்கீல். “நீங்க பார்த்த சேறு வேற. நடுவுல யாரோ மாத்தியிருக்காங்க. பங்க்காரர் ராத்திரி உன் வீட்டுச் சமையலறைக்கு வந்தாராடா?”

“நாங்க மூணு பேரும் குழந்தையும்தான் மேடம் இருந்தோம்,” என்று சொல்லும்போதே ரேடியோவின் குரல் இறங்கிவிட்டது. மூடாமல் வைத்த பாட்டில் காலையில் மூடியிருந்ததே. அந்த வீட்டில் திறந்ததை எல்லாம் மூடுகிற ஆள் ஒருத்திதான்.

* * *

ஆட்டோவில் பாதி வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“உன் மாமா ஒரு சொட்டு எண்ணெய்கூட வெளியே விட்டதில்லன்னு என்கிட்ட சொன்னாரே, நம்பலாமா?”

“குழந்தை தலையில கை வெச்சு சத்தியம் பண்ணினாரு மேடம்.”

“ம்.”

அந்த ‘ம்’ தன் மேல் உள்ள கோபம் என்று நினைத்தான் ரேடியோ. வீடு வரும்வரை வெளியே பார்த்தபடியே இருந்தான்.

அக்கா சமையலறையில் இருந்தாள். கிணற்றுத் தண்ணீர் கெட்டதிலிருந்து தூரத்துக் குழாயில் பிடித்து வரும் தண்ணீரைக் குடத்திலிருந்து பானைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

“என்னடா, முகம் சுண்டைக்காய் வத்தல் மாதிரி சுருங்கிக் கெடக்கு? வாங்க மேடம், உக்காருங்க.”

“அக்கா, அன்னிக்கு அந்தச் சேத்து பாட்டில். மூடியை நீதான் மூடினியா?”

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “கண்டுபிடிச்சுட்டியா? மேடை பூரா கொட்டி வெச்சுட்டு எருமை மாதிரி தூங்கினே. பாட்டில் குறைஞ்சு கெடந்துச்சு. காலையில மேடம் பார்த்தா உன்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவாங்களேன்னு... தப்பா எடுத்துக்காதீங்க மேடம். மிச்சத்தையும் கொட்டிட்டு, பாட்டிலைக் கழுவி, புதுசா ரொப்பி வெச்சேன். ஒரு சொட்டுக் குறையாம ரொப்பினேன். நீ திட்டு வாங்கல இல்ல?”

“எந்தச் சேறு அக்கா?”

“பட்டறைக்குப் பின்னால சாக்கடையில அள்ளினேன். கறுப்புச் சேறுதானே, எல்லாம் ஒரே நாத்தம்தான்!”

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமாம். அக்கா அதைப் புருஷன் தலையில் போட்டிருந்தாள், அதுவும் தம்பி திட்டு வாங்கக் கூடாதே என்ற பாசத்தால். அவளிடம் எப்படிச் சொல்வது? பாதி வக்கீல்தான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நானா? என் கையாலயா?”

“யாருடி உன்னைச் சேறு அள்ளச் சொன்னா?” கதவருகில் மாமா. எப்போது வந்தாரோ, எல்லாம் கேட்டிருந்தார். “அக்காளும் தம்பியும் சேர்ந்து என் சோத்துல மண்ணைப் போட்டுட்டீங்களே! இந்தத் தெருவே என்னை எப்படிப் பார்க்குது தெரியுமா? தண்ணியைக் கெடுத்த பாவின்னு பார்க்குது!”

“கத்தாதீங்க,” என்றார் பாதி வக்கீல். “உங்க பட்டறை தப்பிச்சாச்சு. சேறு மாறினதைச் சொன்னா அந்த டெஸ்ட் செல்லாது. பங்க் ஓரமா மறுபடியும் தோண்டித்தான் ஆகணும்.”

மாமா சுவரில் சாய்ந்து, “அப்பாடா,” என்று மூச்சு விட்டார்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியல. உங்க சாக்கடைச் சேறு கழிவு எண்ணெயைப் பார்த்ததும் அப்படிப் பாயுதே. பழகாத நாக்கு பாயாதாம். அந்தப் பழக்கம் அதுக்கு எங்க இருந்து வந்துச்சு?”

மாமா தோளில் கிடந்த துணியை எடுத்துக் கையைத் துடைத்தார், சுத்தமாக இருந்த கையை. அப்போதுதான் ஆட்டோவில் கேட்ட ‘ம்’ எதற்கு என்று ரேடியோவுக்குப் புரிந்தது. வாசலில் ஜீப் வந்து நின்றது.

* * *

சுகாதார அதிகாரி ஒரு கையில் பூட்டும் இன்னொரு கையில் அரக்கு டப்பாவுமாக இறங்கினார். சீல் வைப்பதைப் பார்க்கப் பின்தெருவே வந்துவிட்டது. முன்னால் நின்ற பெண்ணின் இடுப்பில் குழந்தை, அதன் கை காலெல்லாம் தடிப்பு. எதிரே பங்க்காரர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தார்.

ரேடியோ அதிகாரியின் முன்னால் போய் நின்றான். “சார், அந்தச் சேறு செல்லாது. மொதல்ல எடுத்ததை நான் கெடுத்துட்டேன். அப்புறம் சாக்கடையில அள்ளி மாத்தி வெச்சதும் நான்தான். என் மேல என்ன நடவடிக்கை வேணும்னாலும்...”

“பொய் சார்!” அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி ஓடி வந்தாள். “அவன் கெடுத்தது நிஜம். மாத்தினது நான். அவனுக்குத் திட்டு விழக் கூடாதுன்னு மாத்தினேன்.”

அதிகாரி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏம்மா, உங்க புருஷனை மாட்டி வைக்க உங்க வீட்டுச் சேத்தையே அள்ளிக் கொடுத்தீங்களா?”

“தெரியாது சார். சேறு பேசும்னு யாரு கண்டா?”

அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “திட்டம் போட்டு ஏமாத்தறவங்க தன் கழுத்துக்கே சுருக்கு வெச்சுக்க மாட்டாங்க. சரி, நம்பறேன். டெஸ்ட் ரத்து. பங்க் ஓரமா என் கண்ணு முன்னால மறுபடி தோண்டலாம்.” பூட்டை மறுபடியும் ஜீப்புக்குள் போட்டார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்த தலையைக் காணவில்லை.

ஜெயித்துவிட்டார்கள். எவ்வளவு பெரிய தப்பு, எவ்வளவு சுலபமாகத் தீர்ந்துவிட்டது! இனி மாமா வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். திறக்காதே மாமா, திறக்காதே என்று மனசுக்குள் கெஞ்சினான். கெஞ்சும்போதே வெட்கமாகவும் இருந்தது.

குழந்தையோடு நின்ற பெண் முன்னால் வந்தாள். “அண்ணே, உங்களைத் தப்பா நினைச்சுட்டோம். போன வாரம் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க.”

மாமா அந்தக் குழந்தையின் கையைப் பார்த்தார். தலையாட்டப் பார்த்தார், முடியவில்லை.

“சார்.”

ஜீப்பில் ஒரு காலை வைத்திருந்த அதிகாரி திரும்பினார்.

“பங்க்குல கசியுதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தோண்டிப் பாருங்க. ஆனா என் சாக்கடையில தினமும் கழிவு எண்ணெய் ஊத்தினது நான்தான். பட்டறை ஆரம்பிச்ச நாள்ல இருந்து. மண்ணு குடிச்சுடும், யாருக்கு என்ன ஆகப் போகுதுன்னு ஊத்தினேன். குழந்தை தலையில கை வெச்சுப் பொய் சொன்னேன்.” அவர் ஜீப்பைக் காட்டினார். “கொண்டு வந்த பூட்டை இங்கயே போடுங்க. பங்க்குக்குத் தேவைப்பட்டா இன்னொண்ணு கொண்டு வாங்க.”

முன்னால் நின்ற பெண் குழந்தையை இறுக்கிக்கொண்டு ரெண்டடி பின்னால் போனாள். ஏதாவது ஒரு பொய், ஒரே ஒரு பொய் கிடைத்தால் போதும் என்று ரேடியோ தவித்தான். பாதி வக்கீல் அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

அக்கா உள்ளே போய்ப் பட்டறைச் சாவியை எடுத்து வந்தாள்.

“அக்கா, வேண்டாம்...”

“சும்மா இருடா,” என்று சாவியைப் புருஷன் கையில் வைத்தாள். “இதை நீங்களே அவர்கிட்ட கொடுங்க. இனிமே இந்த வீட்டுல யாரும் எதையும் மாத்த வேண்டாம்.”